தோள் கழன்ற பிள்ளைக்கு ஒப்பரேசன்: இருபது வருடம் கழித்து என்ன?

உதைபந்தாட்டத்தில் விழுந்து, மூன்றாவது தடவையாகத் தோள்மூட்டு கழன்ற பதினேழு வயதுப் பையனோடு ஒரு தாய் என்னிடம் வந்திருந்தார். நான் இலண்டனில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களுக்கு நான் 'பிசியோ'. சத்திரசிகிச்சை நிபுணர் அனுப்பிய கடிதம் தாயின் கையில் இருந்தது. அதை வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னவன் அந்தப் பையன்தான். தனக்குச் செய்யப்போகும் ஒப்பரேசனில் உள்ள ஆபத்துகளைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை. இடையில் இரண்டு வரிகளை அவன் மெதுவாகத் தாண்டிப் போனதைக் கவனித்தேன். தாய் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணா, ஒப்பரேசன் செய்தால் பிறகு கழராதுதானே?"

இந்தக் கேள்வியை வெவ்வேறு குரல்களில் பல தடவை கேட்டிருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'பிறகு'. ஆறு மாதத்துக்குப் பிறகா, அவன் முப்பது வயதில் பிள்ளையைத் தூக்கும்போதா, ஐம்பது வயதில் மேல் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுக்கும்போதா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. வைத்தியசாலையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் முதலாவதற்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது. மற்ற இரண்டையும் பற்றி இன்று ஓரளவு நன்றாகவே தெரியும். ஐரோப்பாவில் சில வைத்தியர்கள் ஒரே நோயாளிகளை இருபது, இருபத்தைந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை எங்கள் பெற்றோருக்கு விளங்கும்படி சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் மூட்டைப் பற்றி. உடம்பில் உள்ள பெரிய மூட்டுகளில் அதிகம் கழருவது தோள்தான். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் இருக்கிறது. தோளில் அப்படியில்லை. ஒரு பெரிய தோடம்பழத்தைத் தேநீர்க் கோப்பையின் தட்டில் வைத்தால் எப்படி நிற்குமோ, அப்படித்தான் மேற்கை எலும்பின் தலை தோளின் குழியில் நிற்கிறது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான், கழருவதும் அதனால்தான். குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. ஊரில் குடத்தைத் தலையில் வைக்க முதல் சும்மாடு வைப்பார்களே, அந்த வேலையை இந்த வளையம் செய்கிறது. அதோடு ஒட்டியபடி மூட்டைச் சுற்றி ஒரு உறையும் சவ்வுகளும் இருக்கின்றன.

கையை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பிய நிலையில் விழுந்தால் பந்து முன்பக்கமாக நழுவும். தோள் கழருவதில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. நழுவும்போது முன்பக்கச் சும்மாடு எலும்பிலிருந்து பிய்ந்து வருகிறது. பிளண்டெல் பாங்கார்ட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சையாளர் 1923இல் இந்தச் சேதத்தை முக்கியப்படுத்தி எழுதினார். ஜேர்மனியில் பெர்தஸ் என்பவர் அதற்கு முன்பே, 1906இல், இதைச் சொல்லியிருந்தார். ஆனால் பெயர் பாங்கார்ட்டுக்குத்தான் நிலைத்தது. கழன்ற பந்தின் பின்பக்கம் குழியின் விளிம்பில் இடிபட்டு ஒரு பள்ளமும் விழும். அதை 1940இல் விபரித்த ஹில், சாக்ஸ் என்ற இரண்டு கதிரியக்க வைத்தியர்களின் பெயரால் அது 'ஹில்-சாக்ஸ்' என்று அழைக்கப்படுகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இந்தப் பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒன்று பிய்ந்த சும்மாடு, மற்றது நசுங்கிய பந்து. ஆனால் ஒவ்வொரு தடவை கழரும்போதும் குழியின் முன் விளிம்பில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிறது என்பதை மறக்க வேண்டாம். கீழே சொல்லப்போகும் பலவற்றுக்கும் காரணம் அதுதான்.

எல்லோருக்கும் ஒப்பரேசன் தேவையா? இல்லை. இதற்குச் சுவீடனில் லெனார்ட் ஹோவேலியசும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு நல்ல சான்று. 1970களின் இறுதியில் முதல் தடவையாகத் தோள் கழன்ற, 12 முதல் 40 வயது வரையான 255 பேரைச் சேர்த்து, ஒப்பரேசன் இல்லாமல் சிகிச்சை அளித்து, 25 வருடம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் சுமார் அரைவாசிப் பேருக்குத் தோள் திரும்பக் கழரவேயில்லை, அல்லது ஒரே ஒரு தடவை மட்டும் கழன்றது. வேறு சிலருக்குப் பல தடவை கழன்று, பிறகு வயது போகப்போகத் தானாகவே நின்றுவிட்டது. நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர்தான் கடைசியில் ஒப்பரேசன் செய்துகொண்டார்கள். முதல் தடவை கழன்றதும் கையை மூன்று நான்கு வாரம் கட்டி வைத்தவர்களுக்கும் உடனேயே அசைக்க விட்டவர்களுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கவில்லை என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. "கட்டை ஒழுங்காகக் கட்டாததால்தான் திரும்பக் கழண்டது" என்று பிள்ளையை ஏசும் அப்பாமார் இதைக் கவனிக்கலாம்.

வயதுதான் பெரிய வேறுபாடு. 30 முதல் 40 வயதுக்குள் முதல் தடவை கழன்றவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கே திரும்பக் கழன்றது. 22 வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குத் திரும்பக் கழன்றது. ஆகவே மகனுக்கும் மாமாவுக்கும் ஒரே காயம் என்றாலும் ஒரே ஆலோசனை பொருந்தாது. "எனக்கும் ஊரிலை கழண்டது, பரியாரியார் இழுத்து விட்டவர், பிறகு ஒண்டும் இல்லை" என்று மாமா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயதாக இருந்திருக்கும்.

ஒரு இடைக்குறிப்பு: மைதானத்தில் கழன்ற தோளை நண்பர்கள் இழுத்து விடக் கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம், தோளைச் சுற்றிப் போகும் நரம்பு நசிந்திருக்கலாம். கரப்பந்து, ஓவர்கேம் சுற்றுப்போட்டிகளில் இந்தக் காட்சியை நானே பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுத்த பிறகு, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

தேய்வு எங்கிருந்து வருகிறது

"ஒப்பரேசன் செய்தால் பிற்காலத்தில் வாதம் வரும்" என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. மூட்டுத் தேய்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சுவீடன் குழு 25 வருட முடிவில் 223 தோள்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. திரும்பக் கழராத தோள்களில் 18 வீதமானவற்றில் நடுத்தர அல்லது கடுமையான தேய்வு இருந்தது. திரும்பத் திரும்பக் கழன்று, ஒப்பரேசன் செய்யாமல் விடப்பட்ட தோள்களில் அது 39 வீதம். ஒப்பரேசன் செய்து நிறுத்தப்பட்டவற்றில் 26 வீதம்.

இந்த மூன்று எண்களிலும் முதலாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரே ஒரு தடவை கழன்று, பிறகு எந்தத் தொல்லையும் தராத தோளில்கூட ஐந்தில் ஒன்று தேய்கிறது. முதல் தடவை விழுந்த அடியே குருத்தெலும்பைக் காயப்படுத்தி விடுகிறது. அதை எந்த ஒப்பரேசனும் திருப்பித் தராது. அதேவேளை திரும்பத் திரும்பக் கழர விடுவது ஒப்பரேசனைவிட மூட்டுக்குக் கூடாதது. "பொறுத்துப் பார்ப்போம்" என்று வருடக்கணக்கில் இழுத்து, பத்துப் பதினைந்து தடவை கழன்ற பிறகு கத்திக்குப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் நட்டப்படுகிறார்கள்: தேய்வும் கூடுகிறது, எலும்பும் குறைகிறது.

ஆனால் எங்கள் ஆட்களின் அந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதையும் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு பழைய ஒப்பரேசன் இருக்கிறது.

எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா என்னிடம் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு வந்தவர். உணவகக் குசினியில் வழுக்கி விழுந்து தோள் கழன்று, அந்தக் காலத்திலேயே ஒப்பரேசன் செய்திருக்கிறார்கள். தோளின் முன்பக்கம் ஒரு நீண்ட தழும்பு. "அதுக்குப் பிறகு ஒரு நாளும் கழரேல்லை தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். ஆனால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோது, அது நேராக முன்னால் நின்றதோடு சரி. ஒரு பாகைகூடத் திரும்பவில்லை. பல வருடமாக இரவில் வலி. எக்ஸ்ரேயில் மூட்டு முழுவதும் தேய்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் 'பூட்டி-பிளாட்' என்ற முறை பரவலாக இருந்தது. இத்தாலியரான விட்டோரியோ பூட்டி, ஆங்கிலேயரான ஹரி பிளாட் என்ற இருவரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. முன்பக்கத் தசையையும் உறையையும் மடித்து இறுக்கித் தைத்தால் பந்து முன்னால் நழுவ முடியாது என்பது அதன் யோசனை. நழுவவில்லைதான். ஆனால் முன்பக்கம் அளவுக்கு மீறி இறுகியதால் பந்து பின்பக்கமாகத் தள்ளப்பட்டது. குழியின் பின்பாதி வருடக்கணக்கில் அரைபட்டது. ஒரு வருடத்தில் பார்த்தால் அருமையான ஒப்பரேசன். இருபது வருடத்தில் பார்த்தால், சிலருக்கு நாற்பது ஐம்பது வயதிலேயே செயற்கை மூட்டு தேவைப்பட்ட ஒப்பரேசன். இன்று அதைச் செய்வதில்லை.

அதற்குப் பிறகும் இப்படியான கதைகள் உண்டு. 1990களில் உறையைச் சூட்டினால் சுருக்கி இறுக்கும் முறை வந்தது. நன்றாக இருக்கிறது என்றார்கள். சில வருடங்களில் திரும்பக் கழன்றதும் குருத்தெலும்பு அழிந்ததும் தெரியவந்து கைவிட்டார்கள். ஒப்பரேசனுக்குப் பின் வலி தெரியாமலிருக்க மூட்டுக்குள்ளேயே மரத்துப்போகும் மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்புகள் வந்தன. இளம் பிள்ளைகளின் குருத்தெலும்பு கரைந்து போனது. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. ஒரு முறை புதியது என்பதற்காக அதற்கு ஓடக் கூடாது என்று நான் பெற்றோருக்குச் சொல்வது இதனால்தான்.

இன்று வழங்கப்படும் இரண்டு ஒப்பரேசன்கள்

இன்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது பாங்கார்ட் திருத்தம். சிறு துளைகளினூடாகக் கமராவைச் செலுத்தி, பிய்ந்த சும்மாட்டை அதன் பழைய இடத்துக்கு இழுத்து, 'அங்கர்' எனப்படும் நூல் கோத்த சிறு முளைகளால் எலும்போடு பிணைப்பார்கள். வெளியில் தெரிவது இரண்டு மூன்று சிறு தழும்புகள். அன்றே அல்லது அடுத்த நாள் வீட்டுக்கு வரலாம். இயற்கையாக இருந்ததை இருந்தபடி திருத்துவதால் இது மென்மையான ஒப்பரேசன். கையின் அசைவு பெரிதாகக் குறைவதில்லை. கடுமையான சிக்கல்கள் அரிது.

இதன் குறை மெதுவாகத்தான் வெளிவரும். முதல் இரண்டு வருடத்தில் பெரும்பாலானோருக்கு நன்றாகவே இருக்கும். அதோடு பின்தொடர்வது நின்றுவிட்டால் வெற்றி என்று எழுதிவிடலாம். பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கிட்டத்தட்டப் பத்தில் மூன்று பேருக்குத் தோள் ஏதோ ஒரு வகையில் திரும்பவும் நிலை தவறியிருக்கிறது. எல்லோருக்கும் முழுதாகக் கழன்றது என்பதல்ல. சிலருக்குப் பாதி நழுவித் திரும்பப் போவது, சிலருக்குக் கையை உயர்த்தும்போது நழுவப்போகிறது என்ற உணர்வு. ஐந்தாம் வருடத்திலும் எட்டாம் வருடத்திலும் தவறியவர்கள் உண்டு.

ஆனால் 'பத்தில் மூன்று' என்பது ஒரு சராசரி. உங்கள் பிள்ளை அந்தச் சராசரியில் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் பேர்கார்ட், டி பியர் என்ற இரண்டு நிபுணர்கள் தாங்கள் செய்த 194 பாங்கார்ட் திருத்தங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். எலும்பு பெரிதாகத் தேயாதவர்களில் திரும்பப் பழுதானது 4 வீதம். எலும்பு நன்றாகத் தேய்ந்திருந்தவர்களில் 67 வீதம். அதே கை, அதே ஒப்பரேசன். சும்மாடு எவ்வளவு நன்றாகத் தைக்கப்பட்டாலும் அதன் கீழே எலும்பு இல்லையென்றால் நிற்காது. முன்பு குழியின் அகலத்தில் கால்வாசி போனால்தான் ஆபத்து என்று கருதினார்கள். இப்போது அதைவிடக் குறைந்த இழப்பையும், சுமார் 13 வீதத்தைக்கூட, பல நிபுணர்கள் கவனத்தில் எடுக்கிறார்கள். இதைச் சாதாரண எக்ஸ்ரேயில் அளக்க முடியாது, சி.ரி. ஸ்கான் வேண்டும்.

பால்க், புவாலோ என்ற இரு நிபுணர்கள் 2007இல் ஒரு எளிய கணக்கு முறையை வெளியிட்டார்கள். ஒப்பரேசனின்போது வயது 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் 2 புள்ளி. போட்டி மட்டத்தில் விளையாடினால் 2. மோதல் விளையாட்டு அல்லது கையைத் தலைக்கு மேல் வீசும் விளையாட்டு என்றால் 1. மூட்டுகள் இயல்பிலேயே தளர்வாக இருந்தால் 1. எக்ஸ்ரேயில் பந்தின் பள்ளம் தெரிந்தால் 2. குழியின் விளிம்பு தேய்ந்து தெரிந்தால் 2. மொத்தம் பத்து. ஆறு வரை உள்ளவர்களில் பாங்கார்ட் திருத்தம் தவறியது 10 வீதம். ஆறைத் தாண்டியவர்களில் 70 வீதம். பின்னர் வந்த ஆய்வாளர்கள் ஆறு என்ற கோடு தாராளமானது, நான்கு வந்தாலே யோசிக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் வந்த பையனுக்குப் பதினேழு வயது. கழகத்துக்குப் போட்டி மட்டத்தில் விளையாடுகிறான். அதுவும் உடல் மோதும் விளையாட்டு. எலும்பைப் பார்க்காமலேயே ஐந்து புள்ளி.

இரண்டாவது ஒப்பரேசன் லத்தர்ஜே. மிஷேல் லத்தர்ஜே என்ற பிரெஞ்சு சத்திரசிகிச்சையாளர் 1954இல் விபரித்தது. தோள்பட்டையின் முன்பக்கத்தில் காகத்தின் அலகு போல வளைந்த ஒரு சிறு எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மருத்துவப் பெயரே கிரேக்கத்தில் காகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த அலகின் நுனியை, அதில் பிடித்திருக்கும் தசைநாரோடு சேர்த்து வெட்டி, குழியின் தேய்ந்த முன் விளிம்பில் திருகாணிகளால் பொருத்துவார்கள். போன எலும்புக்குப் பதில் எலும்பு. அதோடு, கையை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பும்போது, இடம் மாறிய தசைநார் ஒரு கயிறு போல முன்னால் இறுகிப் பந்தை மறித்து நிற்கும்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பின்தொடர்தலில் லத்தர்ஜே உறுதியாக நிற்கிறது. திரும்ப நிலை தவறியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. முழுதாகக் கழன்றவர்கள் அதிலும் குறைவு. காலம் போகப்போகத் தவறுகள் கூடிக்கொண்டே போவதும் பாங்கார்ட்டை விடக் குறைவு.

அப்படியென்றால் எல்லோருக்கும் லத்தர்ஜேயையே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். பிரான்சில் பல நிபுணர்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு விலை உண்டு. கைக்குப் போகும் முக்கிய நரம்புகள் அந்த அலகுக்கு மிக அருகில் ஓடுகின்றன. நரம்பு நசிந்து கை மரத்துப்போவதோ பலவீனமாவதோ நடக்கலாம். பெரும்பாலும் மாதங்களில் திரும்பிவிடும், அரிதாக நிரந்தரமாகும். பொருத்திய எலும்பு சரியாக ஒட்டாமல் போகலாம், ஓரளவு கரையலாம். திருகாணி உறுத்தி, பிறகு எடுக்க வேண்டி வரலாம். எலும்புத் துண்டைச் சில மில்லிமீற்றர் வெளியே தள்ளிப் பொருத்திவிட்டால் பந்து அதில் உரசி மூட்டு விரைவில் தேயும். நீண்டகால ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் எக்ஸ்ரேயில் ஏதோ அளவு தேய்வு தெரிகிறது, பெரும்பாலும் சிறிய அளவில். ஏறக்குறைய அதே அளவினர் அவ்வப்போது வலி இருப்பதாகவும் சொல்கிறார்கள். இது தவறினால் திரும்பச் செய்வதும் கடினம், ஏனென்றால் உள்ளே இருந்த அமைப்பே மாறிவிட்டது. ஆகவே இதை எத்தனை தடவை செய்தவர் செய்கிறார் என்பது முக்கியம். "நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று நிபுணரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இந்த நாடுகளில் அது வழமையான கேள்வி. எங்கள் பெற்றோர்தான் கேட்கக் கூசுகிறார்கள்.

எலும்பு தேயவில்லை, பந்தின் பள்ளம் மட்டும் பெரிது என்றால், பாங்கார்ட் திருத்தத்தோடு அந்தப் பள்ளத்துக்குள் பின்பக்கத் தசைநாரைத் தைத்து நிரப்பும் ஒரு இடைவழியும் உண்டு. அதற்கு இன்னும் இருபது வருடப் பதிவுகள் அதிகம் இல்லை.

முதல் தடவை கழன்றதும் ஒப்பரேசனா?

பெற்றோர் இதைத்தான் அதிகம் தயங்குகிறார்கள். எடின்பரோவில் ஒரு துணிச்சலான ஆய்வு செய்தார்கள். முதல் தடவை கழன்ற, 35 வயதுக்கு உட்பட்ட 88 பேர். சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்து, அரைவாசிப் பேருக்குப் பாங்கார்ட் திருத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்குத் துளையிட்டு மூட்டைக் கழுவி மட்டும் விட்டார்கள். யாருக்கு எது செய்யப்பட்டது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஏறத்தாழ 14 வருடத்துக்குப் பின் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்களைப் பார்த்தபோது, திருத்தம் செய்தவர்களில் 12 வீதமானோருக்குத் திரும்பக் கழன்றிருந்தது. கழுவி மட்டும் விட்டவர்களில் 47 வீதம்.

இதை வைத்து எல்லோரையும் மேசையில் படுக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கழுவி விட்டவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஒப்பரேசனே இல்லாமல் தப்பியிருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு வயதில், மோதல் விளையாட்டை விடப்போவதில்லை என்று நிற்கும் பிள்ளைக்கு, எலும்பு தேயாத அந்த முதல் சில மாதங்கள்தான் மென்மையான ஒப்பரேசன் நன்றாக வேலை செய்யும் காலம். நான்கு ஐந்து தடவை கழன்ற பிறகு அந்தக் கதவு அரைவாசி மூடிவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்குத் திரும்பக் கழருவது குறைவு. ஆனால் கழரும்போது கையை உயர்த்தும் தசைநார் அறுந்து போவது அதிகம். பனியில் வழுக்கி விழுந்து தோள் கழன்று, பொருத்தி அனுப்பிய பிறகு இரண்டு மூன்று வாரமாகியும் கையை உயர்த்த முடியவில்லை என்றால், அம்மாவையோ அப்பாவையோ 'வலி மாத்திரை போடுங்கோ' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஸ்கான் கேளுங்கள். பல மாதம் கழித்துத் தைப்பது கடினம். தசை கொழுப்பாக மாறிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வலிப்பு அடங்காமல் எந்தத் தோள் ஒப்பரேசனும் நிற்காது. வலிப்பின்போது தோள் பின்பக்கமாகக் கழன்று, எக்ஸ்ரேயில் தவறவிடப்படுவதும் உண்டு.

எங்கள் சமூகத்தில் இன்னொரு வகைத் தோளும் இருக்கிறது. அதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தடுப்பில் கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தோள் தளர்ந்திருப்பதற்குக் காரணம் சும்மாடு பிய்ந்தது மட்டுமல்ல. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் இழுபட்டு, தோள்பட்டையைப் பிடித்திருக்கும் தசைகள் பலவீனமானதும்தான். அப்படிப்பட்ட தோளில் சும்மாட்டை மட்டும் தைத்தால் பயன் குறைவு. முதலில் நரம்புப் பரிசோதனை வேண்டும். "விழுந்தனான்" என்று மட்டும் சொன்னால் வைத்தியர் அதைத் தேடமாட்டார். பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது என்பதும் விளங்குகிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். அறிமுகமில்லாதவர் வேண்டும், தொலைபேசியில் வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒப்பரேசனுக்குப் பிறகான மாதங்களைப் பற்றிச் சுருக்கமாக. சுமார் மூன்று முதல் ஆறு வாரம் ஸ்லிங். கார் ஓட்ட ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகலாம். மோதல் விளையாட்டுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். பத்தில் ஏழெட்டுப் பேர் விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் எல்லோரும் பழைய மட்டத்துக்குத் திரும்புவதில்லை. மூட்டு உறுதியாக இருந்தும் கையை உயர்த்தப் பயம் சிலருக்கு நீண்ட காலம் இருக்கும். அது நடிப்பல்ல. மூளை அந்த அசைவை ஆபத்து என்று பதிந்து வைத்திருக்கிறது. பயிற்சியால்தான் மெல்ல மெல்ல அழிக்க வேண்டும். எங்கள் அம்மாமார் ஆறு வாரமும் ஊட்டிவிடுவார்கள், சட்டை போட்டுவிடுவார்கள். மூன்றாம் மாதத்திலும் ஊட்டினால் பிசியோவுக்குத் தொல்லை.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. பையன் தாண்டிப்போன இரண்டு வரிகளை முதலில் வாசித்தேன். ஒன்று நரம்புக் காயம் பற்றியது. மற்றது, இந்த வயதில் பாங்கார்ட் திருத்தம் திரும்பப் பழுதாகும் வாய்ப்புக் கூட என்பது. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அங்கிள், அம்மா பயந்து வேண்டாம் எண்டு சொல்லிடுவா" என்றான். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. "அப்ப எலும்பு எவ்வளவு போயிருக்கெண்டு கேப்பம்" என்றார். அடுத்த சந்திப்பில் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். எலும்பு போயிருந்தது. நிபுணர் லத்தர்ஜேயைச் சொன்னார், அதைத்தான் செய்தார்கள்.

முன்னர் சொன்ன ஐயாவுக்குச் செயற்கை மூட்டுப் போடத் தீர்மானித்தபோது, நாற்பது வருடத்துக்கு முன் உள்ளே என்ன செய்தார்கள் என்று இங்குள்ள நிபுணர் கேட்டார். ஐயாவிடம் ஒரு தாளும் இல்லை. ஒப்பரேசன் நடந்தது ஒரு நாட்டில், அகதி விண்ணப்பம் இன்னொரு நாட்டில், வீடு மாறியது ஐந்து தடவை. பழைய வைத்தியசாலையிலும் பதிவு எடுக்க முடியவில்லை. தழும்பையும் அசைவையும் எக்ஸ்ரேயையும் பார்த்து 'பூட்டி-பிளாட்டாக இருக்கலாம்' என்று எழுதினார்கள்.

ஆகவே ஒப்பரேசன் முடிந்ததும் அந்தத் தாயிடம் ஒரு விடயம் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் ஒரு பக்கக் கடிதம் போதாது. முழு ஒப்பரேசன் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள் என்றேன். ஒப்பரேசனின் பெயர், எந்தப் பக்கம், எலும்பு எவ்வளவு போயிருந்தது, எத்தனை திருகாணி, என்ன உலோகம் என்று அதில் இருக்கும். அடுத்த தடவை வந்தபோது கையோடு கொண்டுவந்து காட்டினார். பையனின் பிறப்புச் சான்றிதழும் தங்கள் வதிவிட அனுமதிப் பத்திரங்களும் இருக்கும் பிளாஸ்டிக் கோப்புக்குள் அதை வைத்திருந்தார்.